‘இன்னொரு வயல்’ என்ற பொத்தான்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஊக்கம் தரும்படி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார், என்னோடு முன்பு வேலை பார்த்த நண்பர். இப்போது தஞ்சாவூரில் உங்களுக்கெல்லாம் வகுப்பு எடுப்பவர் அவர்தான். ஊக்கம் என்னிடம் கைவசம் இல்லை. கொஞ்சம் அனுபவம் இருக்கிறது, நிறைய எரிச்சல் இருக்கிறது. அதைத் தரட்டுமா என்றேன். சரி, அதையே தாருங்கள் என்று சொல்லிவிட்டார். பிறகு வருத்தப்பட்டால் அது அவர் பாடு.

நான் பார்த்த வேலை உங்களுக்குத் தெரியும். ஒரு இணையதளத்துக்கு யார் வருகிறார்கள், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எதை அமுக்குகிறார்கள், எங்கே அலுத்துப்போய் வெளியேறுகிறார்கள் என்று பார்த்து, அந்தத் தளத்தை வேகமாகவும் சுலபமாகவும் ஆக்குவது. என் தங்கை இதை ‘வேவு பார்க்கிற வேலை’ என்பாள். நான் கோபித்துக்கொண்டதில்லை. பாதி உண்மைதானே.

போன வருடம் ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழாவில் எனக்குப் பெரிய தலையாட்டிப் பொம்மை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். வேலையில் இருந்த காலம் முழுக்கத் தலையாட்டாதவள் என்று பெயர் வாங்கியவளுக்கு இதைத் தேர்ந்தெடுத்தது யார் என்று விசாரித்தேன். யாரும் சொல்லவில்லை.

இந்த மாதிரிக் கட்டுரைகளில் வழக்கமாக ஒரு குரு வருவார். எனக்கு அப்படி ஒருவரும் கிடைக்கவில்லை. முதலில் வேலை பார்த்த இடத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தார். அவர் எனக்குக் கற்றுத் தந்த ஒரே விஷயம், தன் கணினியின் கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லாமல் லீவில் போவது எப்படி என்பது. ஆகவே குருவைத் தேடாமல் மேலே படியுங்கள்.

நான் சொல்லப்போகும் கம்பெனி அறுவடை வண்டிகளை வாடகைக்கு அனுப்பும் கம்பெனி. தஞ்சாவூரில் ஒரு மருந்துக்கடைக்கு மாடியில் ஆபீஸ். சம்பா அறுவடைக் காலத்தில் டெல்டா முழுக்க வண்டிக்கு அடிதடி நடக்கும். வெளி மாவட்டங்களிலிருந்து வரும் வண்டிகளை ஒன்றுசேர்த்து, விவசாயிகள் போனிலேயே பதிவு செய்துகொள்ள ஒரு தளம் தொடங்கினார் எங்கள் முதலாளி. மன்னார்குடி பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. சிங்கப்பூரில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப் போக நீங்கள் அப்படி நினைக்கக்கூடும்.

தொடங்கிய புதிதில் எங்கள் தளத்துக்கு வெளிநாட்டிலிருந்து நிறைய வருகைகள் இருந்தன. துபாய், குவைத், சிங்கப்பூர். தளத்தைப் பராமரித்த ஆட்கள், இதெல்லாம் திருட்டு வருகை, தடுத்துவிட்டால் தளத்தின் பாரம் குறையும் என்றார்கள். நான் குறுக்கே நின்றேன். தடுப்பதற்கு முன்னால் அதில் பதிவு செய்த சிலரை அழைத்துப் பேசலாம் என்றேன். பேசினால் எல்லாம் நம் பிள்ளைகள். அதிராம்பட்டினத்துக்காரர் ஒருவர் குவைத்தில் கடையில் இருந்தபடி ஊரில் இருக்கும் அப்பாவின் வயலுக்கு வண்டி போடுகிறார். முதலாளி எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அதிலிருந்து என் பேச்சுக்கு அந்த ஆபீசில் ஒரு மதிப்பு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இனி பொத்தானுக்கு வருகிறேன்.

டெல்டா வயலை நினைத்துப் பாருங்கள். ரோட்டை ஒட்டி ஒரு வயல், அதற்கு உள்ளே ஒன்று, அதற்கும் உள்ளே ஒன்று என்று வாய்க்கால் வரைக்கும் போகும். நடுவில் பாதை கிடையாது. வரப்பில் ஆள் நடக்கலாம், அறுவடை வண்டி போகாது. அதனால் ரோட்டோர வயலை முதலில் அறுத்து, அறுத்த நெல்தாளின் மேல் வண்டியை ஓட்டித்தான் அடுத்த வயலில் இறக்க முடியும். வெளி வயல் அறுக்காமல் உள் வயலுக்கு வண்டி இல்லை. ஆகவே ஒரே வாய்க்காலில் பாயும் வயல்காரர்கள் எல்லாரும் கூடிப் பேசி, ஒரே நாளில், ரோட்டிலிருந்து வரிசையாக வண்டி விடுவார்கள். அந்த வரிசையை யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துப் பதிவு செய்வார். அதற்காகவே எங்கள் பதிவுப் பக்கத்தின் அடியில் ‘இன்னொரு வயலைச் சேர்க்க’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை வைக்கச் சொன்னதே முதலாளிதான்.

அந்தப் பொத்தான்தான் பக்கத்தைக் கனமாக்கியது. அதற்காக ஊர் ஊராக வயல் விவரங்களை முன்கூட்டியே இறக்கிவைக்க வேண்டியிருந்தது. சிக்னல் சரியாக இல்லாத ஊரில் பக்கம் திறப்பதற்குள் ஆட்கள் மூடிவிட்டுப் போனார்கள். வருகைக் கணக்கில் இது பளிச்சென்று தெரிந்தது. அதே கணக்கில் இன்னொன்றும் தெரிந்தது. அந்தப் பொத்தானை அமுக்குபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதலாளி பெரிய திரையில் இதைக் காட்டினார். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்காக மற்ற எல்லாரையும் காக்க வைக்க வேண்டுமா என்று கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அங்கே இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

நான் ஆட்டவில்லை. ஒரு நாள் அவகாசம் கேட்டு, நடந்த பதிவுகளைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். பொத்தானை அமுக்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் எங்களுக்கு வந்த வயல்களில் பெரும்பகுதி அவர்கள் கை வழியாக வந்தவை. இந்தப் பொத்தானை எடுத்தால் ஊர்களையே எடுத்ததாகிவிடும் என்று அந்தக் கணக்கைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

அவர் கணக்கைப் படித்தார். திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

“ஒரே ஆளு இத்தனை வயலைப் போடுறான்னா அவன் விவசாயியா மேடம்? புரோக்கர். நாம புரோக்கருக்குத்தான் கடை நடத்திக்கிட்டு இருந்திருக்கோம்.”

முந்தின வருடம் ஒரத்தநாடு பக்கம் ஒரு ஆள் பொய்ப் பெயர்களில் வண்டிகளைப் பதிவு செய்து, அதை விவசாயிகளிடம் கூடுதல் வாடகைக்குத் தள்ளிவிட்டிருந்தான். அந்தச் சூடு அவர் மனதில் இருந்தது. அதனால் நான் காட்டிய ஒவ்வொரு பெயரும் அவருக்கு அந்த ஆளாகவே தெரிந்தது. வெளி வயல் அறுக்காமல் உள் வயலுக்கு வண்டி போகாது சார், ஒருத்தர்தான் சேர்த்துப் போடுவார் என்று சொன்னேன். அது எனக்குத் தெரியாதா என்றார். தெரியும்தான். அவர் அப்பாவின் வயலே ரோட்டிலிருந்து உள்ளே இருக்கிறது. எல்லாம் தெரிந்த மனிதர், திரையில் வேறு மாதிரி வந்ததும் தன் கண்ணால் பார்த்து வளர்ந்ததை ஒதுக்கி வைத்தார். எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான்.

முடிவில் பொத்தான் போனது. அதோடு நிற்கவில்லை. ஒரே போன் எண்ணிலிருந்து அடுத்தடுத்துப் பதிவுகள் வந்தால், அந்த எண்ணின் எல்லாப் பதிவுகளையும் தளம் தானாக நிறுத்திவைக்கும் என்று ஒரு ஏற்பாடும் வந்தது. அப்படி நிறுத்தியவற்றை யார் பார்த்து விடுவிப்பது என்று கேட்டேன். பிறகு முடிவு செய்யலாம் என்றார்கள். பொங்கல் வந்தது, போனது, யாரும் முடிவு செய்யவில்லை.

பக்கம் மின்னலாகத் திறந்தது, அதை மறுப்பதற்கில்லை. பதிவு செய்ததிலிருந்து வண்டி உறுதியாகும் வரை ஆகும் நேரம் பாதியாகக் குறைந்தது. ஆபீசில் அசோகா அல்வா கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

தை மாதம் அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது வங்கக் கடலில் காற்றழுத்தம் என்று செய்தி வந்தது. நாளை மறுநாள் டெல்டாவில் கனமழை. முற்றி நிற்கும் கதிரில் மழை அடித்தால் பயிர் சாய்ந்துவிடும். சாய்ந்தது தண்ணீரில் கிடந்தால் நெல் வயலிலேயே முளைத்துவிடும். அன்றைக்கு வண்டிகளை அனுப்பும் பாஸ்கருக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. முதலாளி சென்னையில் இருந்தார். கம்பெனியில் பணம் போட வந்திருந்தவர்களுக்கு எங்கள் வேகத்தைத் திரையில் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

காலையில் ஆபீஸ் போனை எடுத்த பாஸ்கர், ஒரு அம்மா சத்தம் போடுகிறார், என்னவென்று புரியவில்லை என்று என்னிடம் நீட்டினான்.

மலர்க்கொடி என்று பெயர் சொன்னார். நீடாமங்கலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு ஊர். கணவர் குவைத்தில் டிரைவர். இவர் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட்டிருக்கிறார். அவர் வயல் வாய்க்காலை ஒட்டி, எல்லாவற்றுக்கும் கடைசியில். தன் வயலுக்கு வண்டி வர வேண்டுமானால் முன்னால் உள்ள அத்தனை பேருக்கும் வர வேண்டும் என்பதால், வருடா வருடம் ஊர்க்காரர்கள் எல்லார் பெயரையும் அவரே பதிவு செய்துவந்தார். இந்த வருடம் பொத்தானைக் காணவில்லை. சரி என்று ஒவ்வொன்றாகப் போட்டார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

இதற்கிடையில், உள் வயல்காரர் ஒருவருக்குச் சிங்கப்பூரில் இருக்கும் மகன் தனியாகப் பதிவு செய்திருக்கிறான். அது உடனே உறுதியாகிவிட்டது. வண்டி வந்தது. ரோட்டோர வயல் அறுக்காமல் நிற்கிறது. வண்டி ரோட்டிலேயே நின்றது. ரோட்டு வயலின் பதிவு என்ன ஆயிற்று என்று ஊர்க்காரர்கள் கேட்க, டிரைவர் தன் போனில் பார்த்து, அதில் இருந்ததை அப்படியே உரக்கப் படித்திருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. அதில் அப்படித்தான் எழுதியிருந்தது. எழுதி வைத்தவர்கள் நாங்கள்.

“எல்லார் முன்னாடியும் சொல்றாருங்க, இது புரோக்கர் நம்பர், நிறுத்தி வச்சிருக்குன்னு. வண்டி திரும்பிப் போயிடுச்சு. ரோட்டு வயல்காரரு என் மூஞ்சியப் பாத்துக் கேக்குறாரு, எங்க பேரைப் போட்டு யாருக்கும்மா வித்த நீன்னு. நான் புரோக்கருங்களா மேடம்? நீங்களே சொல்லுங்க.”

இல்லை என்றேன். என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம், வண்டியை அனுப்புங்கள், வந்து நின்றால் அவர்கள் வாய் அடைக்கும் என்றார். அழவில்லை. கோபமாகத்தான் பேசினார். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது.

நிறுத்திவைத்த பதிவுகளைத் திறந்து பார்த்தேன். மலர்க்கொடியின் ஊர் மட்டும் இல்லை. மன்னார்குடி பக்கம், வலங்கைமான் பக்கம், திருத்துறைப்பூண்டி பக்கம் என்று ஊர் ஊராக அதில் அடைந்துகிடந்தன. ஒவ்வொன்றும் ரோட்டிலிருந்து வாய்க்கால் வரை வரிசையாகப் போட்ட பெயர்கள். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும், பார்க்கத்தான் ஆள் இல்லை. எங்கள் வேகம் எப்படிப் பாதியானது என்பதும் அப்போதுதான் விளங்கியது. நிறுத்திவைத்தவை எங்கள் கணக்கிலேயே சேரவில்லை. கஷ்டமானதையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டு, மிச்சம் இருந்த சுலபமானதை அளந்து அல்வா சாப்பிட்டிருக்கிறோம்.

முதலாளியை அழைத்தேன். தணிந்த குரலில் பேசினார். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள் போல.

“இப்ப எதையும் தொடாதீங்க மேடம். ஸ்கிரீன்ல லைவா ஓடிக்கிட்டு இருக்கு. சாயந்தரம் நான் பேசுறேன்.”

சாயங்காலம் என்றால் ஒரு பகல் போய்விடும். நிறுத்தியவற்றை விடுவித்தால், நாள் கணக்கில் காத்திருந்த பதிவுகள் எல்லாம் ஒரே அடியாகக் கணக்கில் சேரும். அவர் திரையில் காட்டிக்கொண்டிருக்கும் வேகக் கோடு அவர் கண் முன்னாலேயே தலைகீழாகும். கம்பெனிக்கு வரவேண்டிய பணம் வராமல் போகலாம். அதில் என் சம்பளமும் பாஸ்கர் சம்பளமும் அடக்கம்.

பாஸ்கர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். புத்திசாலி. அவன் ஒரு வழி சொன்னான்.

“அந்தம்மா ஊரை மட்டும் விட்டுடலாம் மேடம். நம்ம வண்டி ஒண்ணு நீடாமங்கலத்துலதான் நிக்குது, மதியத்துக்குள்ள இறங்கிடும். ஒரு ஊருன்னா கோடு லேசாத்தான் அசையும், சாருக்கே தெரியாது. மத்ததை அவரு வந்து பாத்துக்கட்டும்.”

இங்கேதான் உங்களை நிறுத்தி யோசிக்கச் சொல்கிறேன். அது நல்ல வழி. முதலாளி தப்புவார், நாங்கள் தப்புவோம், போன் செய்து கேட்டவருக்கு வேலை நடக்கும். ஆனால் அந்த வரிசையில் மலர்க்கொடிக்கு முன்னால் பதிவு செய்த ஊர்கள் இருந்தன. அவர்களுக்கும் அதே மழைதான். அவர்களுக்கு எங்கள் ஆபீஸ் எண் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் சத்தம் போடத் தெரியவில்லை. நீடாமங்கலத்தில் நின்ற அந்த வண்டி முறைப்படி முதலில் போகவேண்டியது வலங்கைமான் பக்கத்து ஊர் ஒன்றுக்கு. சத்தம் போட்டவருக்கு மட்டும் வழி விட்டால், எந்தப் பழியை அந்தப் பெண் மேல் எழுதி வைத்தோமோ அதே வேலையை நாங்களே செய்ததாகும்.

எல்லாவற்றையும் விடுவித்தேன். பதிவு செய்த வரிசைப்படியே வண்டிகளைப் பிரித்து அனுப்பச் சொன்னேன். பாஸ்கர் என்னை ஒரு மாதிரி பார்த்தான், பிறகு போனை எடுத்தான். சென்னையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது, திரும்பத் திரும்ப வந்தது. நான் எடுக்கவில்லை.

மலர்க்கொடியை நானே அழைத்து, வண்டி வரும், ஆனால் இன்றைக்கு இல்லை, நாளைக்கு என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். பக்கத்தில்தானே வண்டி நிற்கிறது என்றார். ஆமாம் என்றேன்.

வலங்கைமான் பக்கத்து ஊரில் வேலை முடித்து, வண்டி மறுநாள் மதியத்துக்கு மேல்தான் மலர்க்கொடி ஊருக்குப் போனது. ரோட்டு வயலில் இறங்கியது. அறுத்து முடித்து அடுத்ததில் இறங்கியது. வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அடுத்த நாள்தான் வரும் என்று நினைத்திருந்த மழை, ஒரு பொழுது முந்திக்கொண்டது. டிரைவர் முடிந்தவரை பார்த்தார். கடைசியில் வண்டி சேற்றில் இறங்கிவிடும் என்று திருப்பிவிட்டார். அறுக்காமல் நின்றவை வாய்க்காலோரத்து வயல்கள். அதில் கடைசி மலர்க்கொடியுடையது.

ஊர் முழுக்கப் பெயர் போட்டவரின் பயிர்தான் தண்ணீரில் படுத்தது. பாஸ்கர் இதைச் சொன்னபோது நான் எழுந்து மாடிப்படிக்குப் போய் நின்றேன். அவன் சொன்ன வழியில் போயிருந்தால் அந்தப் பயிர் கரை ஏறியிருக்கும். வலங்கைமான் பக்கத்தில் யாரோ ஒருவருடையது போயிருக்கும். அவர் முகமும் எனக்குத் தெரியாது, குரலும் தெரியாது. நான் செய்தது சரி. இன்று கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

முதலாளி திரும்பி வந்து திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், மனசு லேசாகியிருக்கும். நீங்கள் கணக்கை நம்பவில்லை, ஆட்களின் சத்தத்தை நம்புகிறீர்கள் என்று மட்டும் சொன்னார். என்னை வருகைக் கணக்கிலிருந்து மாற்றிப் புகார் மேசையில் உட்கார வைத்தார். பொத்தான் திரும்ப வரவில்லை. ஒரு போனுக்கு ஒரு பதிவுதான் என்று விதி இன்னும் இறுகியது. பணம் போட வந்தவர்கள், கொஞ்சம் குறைத்து, போடத்தான் செய்தார்கள்.

அவரிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். அந்தப் பெண் புரோக்கர் இல்லை, தவறு எங்களுடையது என்று அந்த ஊர்க்காரர்கள் போனுக்குக் கம்பெனி பெயரில் ஒரு செய்தி அனுப்புங்கள் என்று. வக்கீலைக் கேட்டார். எழுத்தில் தவறை ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டாராம். அத்தோடு அந்தப் பேச்சைக் கை கழுவினார்.

மழை விட்டதும் நானே நீடாமங்கலத்துக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்து ஆட்டோ பிடித்து ஊருக்குப் போனேன். வழியெல்லாம் சாய்ந்த பயிர் தண்ணீரோடு படுத்திருந்தது. மலர்க்கொடி வீட்டு வாசலில் கையால் அறுத்தெடுத்த கொஞ்சம் கதிரைத் தார்ப்பாயில் உலர்த்தியிருந்தார். கதிரிலேயே வெள்ளையாக முளை தெரிந்தது. போனில் கேட்ட குரலை வைத்து நான் பெரிய ஆளாக நினைத்திருந்தேன். ஒல்லியாக, என் தங்கை வயதில் இருந்தார். யார் என்று சொன்னதும் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கோபம் இருக்கும்போதும் தண்ணீர் கொடுக்காமல் இருக்க முடியாது எங்கள் பக்கத்தில்.

தவறு எங்களுடையது என்று சொன்னேன். நடந்தது முழுவதையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

“நெல்லு போனது போவட்டும்க்கா, அடுத்த போகத்துல பாத்துக்கலாம். இங்கேருந்து யாரோ குவைத்துக்குச் சொல்லிட்டாங்க. அவரு போன்ல கேக்குறாரு, நான் இல்லாதப்ப ஊர்ல என்ன வேலை பாக்குற நீன்னு. அதுக்கு என்ன சொல்றது?”

உங்கள் கணவரிடம் நானே பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். யாரோ ஒருத்தியைப் பேச வைக்கிறாயா என்று அவர் கேட்பார். என்னிடம் சொன்னதை முடிந்தால் டீக்கடையில் போய்ச் சொல்லுங்கள், பேச்சு அங்கேதான் கிளம்பியது என்றார்.

போனேன். ரோட்டு வயல்காரரும் உள் வயல்காரரும் இன்னும் சிலரும் இருந்தார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். நான் எந்தக் கம்பெனி, அங்கே என்ன வேலை, பொத்தான் எப்படிப் போனது, நிறுத்திவைத்தது எப்படி என்று புரியும்படி சொன்னேன். மலர்க்கொடி உங்களுக்காகத்தான் பாடுபட்டார், கடைசியில் அவர் வயல்தான் போனது என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டார்கள். முடித்ததும் ரோட்டு வயல்காரர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாகக் கேட்டார்.

“சரிங்கம்மா. தஞ்சாவூர்லேருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?”

உறவு ஒன்றும் இல்லை என்றேன். அவர் சிரித்தபடி மற்றவர்களைப் பார்த்தார். நான் வந்ததே அவர்களுக்கு அத்தாட்சியாகிவிட்டது. கூட்டாளி வந்து பேசிவிட்டுப் போகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். திரும்ப ஆட்டோவில் ஏறும்போது, வராமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. இப்போதும் அவ்வப்போது தோன்றுகிறது.

இப்படிப்பட்ட கட்டுரைகளில் இந்த இடத்தில் எழுதுபவர் மார்பில் அடித்துக்கொண்டு, தவறு என்னுடையதும்தான் என்பார். நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னதைக் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. உங்களில் சிலருக்கும் இது நேரும். நீங்கள் சரியாகச் சொல்வீர்கள், ஆதாரத்தோடு சொல்வீர்கள், அந்த ஆதாரத்தையே எடுத்து நீங்கள் காக்க நினைத்த ஆட்கள் மேல் வீசுவார்கள். அதற்குப் பயந்து சொல்லாமல் இருக்காதீர்கள். சொன்னதால் நல்லது நடந்துவிடும் என்று நம்பியும் இருக்காதீர்கள். ஒரு பொத்தானைக் கொஞ்சம் பேர்தான் அமுக்குகிறார்கள் என்று கணக்கு சொன்னால், அதில் நாலு பேருக்காவது போன் போட்டு ஏன் அமுக்கினீர்கள் என்று கேளுங்கள். கேட்ட பிறகு எடுப்பதென்றால் எடுங்கள். இதற்கு மேல் எனக்குச் சொல்லித் தரத் தெரியாது.

அடுத்த வருடம் தை மாதம் முடிந்ததும் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டுத் திரையில் ஒரு பூஜ்யத்தைக் காட்டினார். ஒரே எண்ணிலிருந்து ஊருக்கே பதிவு செய்பவர்கள் இப்போது ஒருவர்கூட இல்லை, புரோக்கர் தொல்லை ஒழிந்தது என்றார். கைதட்டினார்கள். நீடாமங்கலம் பக்கத்து ஊர்களெல்லாம் இப்போது எப்படி வண்டி பிடிக்கின்றன என்று பாஸ்கரிடம் தனியாகக் கேட்டேன். ஒரத்தநாட்டு ஆள்தான் பிடித்துக் கொடுக்கிறான், அசல் புரோக்கர், நாம் வாங்குவதைவிட அதிகம் வாங்குகிறான் என்றான்.

புகார் மேசையிலிருந்தும் வருகைக் கணக்கைப் பார்க்க எனக்கு வழி இருந்தது. யாரும் அடைக்க நினைக்கவில்லை. மலர்க்கொடியின் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அந்த வருடம் ஒரே ஒரு முறை வந்திருக்கிறார். பக்கம் உடனே திறந்திருக்கிறது. எதையும் அமுக்காமல் நேராகப் பக்கத்தின் அடிக்குப் போயிருக்கிறார். பொத்தான் முன்பு இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். பிறகு மூடிவிட்டார். முதலாளி அன்று திரையில் காட்டிய அறிக்கையில், வேகமாகத் திறந்த பக்கங்களின் எண்ணிக்கையில் அவருடைய வருகையும் சேர்ந்திருந்தது.